பக்கத்துக்கு வேண்டியது எது என்று யாருக்குத் தெரியும்?

ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுத்துப் பிரவுசருக்கு அனுப்பும் தொழிலின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கருவிகளின் பெயர்களையே வரிசையாகச் சொல்வார்கள். முதலில் கையால் ஒட்டினார்கள், அப்புறம் ரிக்கொயர்ஜேஎஸ் வந்தது, பிரவுசரிஃபை வந்தது, வெப்பேக் வந்து இரண்டையும் ஓரங்கட்டியது, இப்போது வீட் இருக்கிறது என்று கதை போகும். வரிசையில் தவறில்லை. ஆனால் ஒரு கருவி போய் இன்னொன்று ஏன் வந்தது என்று கேட்டால், வேகம் கூடியது, வசதி கூடியது என்பதற்குமேல் இந்தக் கதையில் பதில் கிடைப்பதில்லை. பல பக்கங்கள் கொண்ட வலைப் பயன்பாடுகளை வைத்துப் பார்த்தால் இதைவிடத் தெளிவான காரணம் ஒன்று புலப்படுகிறது. அங்கே தேவையான அறிவு இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. வாசகருக்கு இப்போது எந்தப் பக்கம் போகிறது என்பது சர்வரில் இருக்கும் டெம்ப்ளேட்டுக்குத் தெரியும். எந்தக் கோப்பு எந்தக் கோப்பை நம்பி நிற்கிறது என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு இந்தக் கோப்புகள் என்று இரண்டையும் பொருத்திக் காட்டும் அட்டவணை ஒன்று எந்தக் காலத்திலும் தேவைப்பட்டிருக்கிறது. அதை எழுதுவது மனிதரா கருவியா, எழுதாமல் விட்டால் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே இந்த முப்பது ஆண்டு வரலாற்றின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன்.

நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது, சுட்டி மேலே வந்ததும் படத்தை மாற்றுவது போன்ற சிறு வேலைகளுக்கான மொழி அது. ஒரு கோப்பு இன்னொரு கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் வசதி அதில் இல்லை. பக்கத்தில் ஏறும் எல்லா ஸ்கிரிப்டும் ஒரே பொதுவெளியில் தம் பெயர்களைப் பதித்தன. முன்னால் வந்த பெயரைப் பின்னால் வந்தது அழித்துவிடலாம். எது எதற்கு முன் வர வேண்டும் என்பது டேக்குகளை எழுதியவரின் நினைவில் மட்டும் இருந்தது. அப்படியிருந்தும் அந்த முதல் ஆண்டுகளில் அட்டவணை இருக்கத்தான் செய்தது. ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு, அதற்கு வேண்டிய ஸ்கிரிப்ட்களின் பட்டியல் அதன் தலைப்பகுதியிலேயே கையால் எழுதப்பட்டிருந்தது. பக்கங்கள் பெருகி, தலைப்பகுதியைப் பொதுவான ஒரு கோப்பாகப் பிரித்து எல்லாப் பக்கங்களிலும் சேர்க்கும் பழக்கம் வந்தபோதுதான் அட்டவணை தொலைந்தது. பொதுத் தலைப்பகுதியில் ஒரு வரி சேர்ப்பது எளிது. அந்த வரியை எந்தெந்தப் பக்கம் நம்பியிருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாததால், அதை நீக்க யாருக்கும் துணிவு வருவதில்லை. ஆகவே பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. ஸ்டைல் கோப்புகளின் கதையும் இதேதான். இன்னும் மோசம் என்றே சொல்லலாம், ஏனென்றால் ஒரு ஸ்டைல் விதி எங்கோ ஒரு பக்கத்தில் பயன்படுகிறதா என்பதை நிரலைப் படித்துக் கண்டுபிடிக்கவும் வழி குறைவு.

பட்டியல் நீண்டதன் வலி 2004க்குப் பிறகுதான் உறைத்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜிமெயிலும் 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸும் வந்தன. அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட், பக்கத்தை மறுபடி ஏற்றாமலே ஸ்கிரிப்ட் வழியாகச் சர்வரோடு பேசும் அவற்றின் உத்திக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். அதன்பின் எந்தத் தளமும் ஸ்கிரிப்டைச் சிறு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பிணையமோ பழைய விதிகளோடு இருந்தது. 1999இல் வெளியான ஹெச்டிடிபி 1.1 வரையறை, ஒரு பிரவுசர் ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவுறுத்தியது. 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3, 2009இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 ஆகியவை அதை ஆறாக உயர்த்தும்வரை, இருபது ஸ்கிரிப்ட் கொண்ட பக்கம் இரண்டிரண்டாகக்கூட அல்ல, பல பிரவுசர்களில் ஒவ்வொன்றாக அவற்றை இறக்கிக்கொண்டு நின்றது. யாஹூவில் இதை அளந்து பார்த்த ஸ்டீவ் சவுடர்ஸ் 2007இல் வெளியிட்ட நூலில் பதினான்கு விதிகளைத் தந்தார். பக்கம் திறக்க வாசகர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் சர்வருக்கு வெளியே, படங்களையும் ஸ்கிரிப்ட்களையும் ஸ்டைல்களையும் இறக்குவதில் போகிறது என்பது அவர் கண்டது. கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறை என்பதே முதல் விதி. அதைப் படித்தவர்கள் கோப்புகளை ஒட்டத் தொடங்கினார்கள். டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்மின், 2007இல் யாஹூ வெளியிட்ட ஒய்யுஐ கம்ப்ரசர் போன்ற கருவிகள் ஒட்டியதைச் சுருக்கியும் கொடுத்தன. எதை எதோடு ஒட்டுவது என்பது மட்டும் அந்தக் கருவிகளின் கவலையாக இல்லை.

அதைத் தன் கவலையாக எடுத்துக்கொண்டவர் ஃப்ளிக்கர் தளத்தின் பொறியியலை நடத்திய கால் ஹென்டர்சன். ஸ்கிரிப்ட்களை வேகமாக அனுப்புவது பற்றி 2006இல் அவர் எழுதிய கட்டுரையை இந்தத் துறையின் முக்கியமான ஆவணங்களில் ஒன்றாக வைக்க வேண்டும். வரலாறு எழுதுபவர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கினால் முதன்முறை வருபவர் தான் பார்க்காத பக்கங்களின் நிரலையும் சுமக்க வேண்டும். சின்னச் சின்னதாகப் பிரித்தால் கோரிக்கைகள் பெருகும். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் காட்டிய வழி எளிமையானது. டெம்ப்ளேட்டில் நிரலர் தனக்கு வேண்டிய சிறு கோப்புகளின் பெயர்களை மட்டும் எழுதுகிறார். எந்தச் சிறு கோப்பு எந்தப் பெரிய தொகுப்புக்குள் இருக்கிறது என்ற அட்டவணை தனியாக ஓர் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. உருவாக்கும் இடத்தில் சிறு கோப்புகள் அப்படியே தனித்தனியாகப் போகும். வாசகர் வரும் சர்வரில் அதே டெம்ப்ளேட் வரி அட்டவணையைப் பார்த்து, தேவையான தொகுப்புகளின் பெயர்களை, ஒன்று இருமுறை வராமல், பக்கத்தில் எழுதிவிடும். தொகுப்பு மாறியதும் பழைய கேஷ் குறுக்கே நிற்காதபடி பெயரிலேயே பதிப்பு எண்ணையும் சேர்த்தார். இதில் கவனிக்க வேண்டியது, தேவையையும் தொகுப்பையும் அவர் பிரித்துவைத்த விதம். பக்கம் தன் தேவையைச் சொல்கிறது. அதை எந்த மூட்டையில் அனுப்புவது என்பது வேறு ஒருவரின் முடிவு, நாளைக்கு அது மாறினால் டெம்ப்ளேட்டைத் தொட வேண்டியதில்லை. பிற்காலக் கருவிகள் பல சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்த இடம் இதுதான்.

யாஹூ வேறு விதமாக முயன்றது. 2008இல் ஒய்யுஐ லைப்ரரியோடு வந்த காம்போ சேவையில், வேண்டிய கோப்புகளின் பெயர்களை ஒரே முகவரியில் கோத்துக் கேட்டால் சர்வர் அந்த நொடியே ஒட்டி அனுப்பும். அட்டவணையே வேண்டாம், கேட்டதைக் கொடுப்போம் என்ற எண்ணம் அழகானது. ஆனால் பத்துக் கோப்புகளை வைத்து 1,023 விதமான சேர்க்கைகள் செய்யலாம். பிரவுசரின் கேஷுக்கு அவை ஒவ்வொன்றும் தனி முகவரி, தனிக் கோப்பு. முதல் பக்கத்தில் ஒன்பது கோப்புகளைச் சேர்த்து வாங்கியவர் அடுத்த பக்கத்தில் பத்தைச் சேர்த்துக் கேட்டால், கையிலிருக்கும் ஒன்பதும் மறுபடி வந்து இறங்கும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் சிக்கனம். பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் போகும் மனிதரைப் பார்த்தால் வீண். பல பக்கத் தளத்தில் அளக்க வேண்டியது வாசகரின் முழுப் பயணத்தை என்பதை இந்தச் சேவை தெளிவாக்கியது.

இனி வருவது ரெயில்ஸ். பல பக்கத் தளங்களுக்காகவே பிறந்த சட்டகம் என்பதால் அதன் முடிவுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2011 ஆகஸ்டில் வந்த ரெயில்ஸ் 3.1, ஸ்பிராக்கெட்ஸ் என்ற கருவியை உள்ளே கொண்டுவந்து, தொகுப்பதையும் சுருக்குவதையும் உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் கைரேகை ஒன்றைப் பெயரில் சேர்ப்பதையும் யாரும் கேட்காமலே செய்துகொடுத்தது. அதுவரை தனியாகக் கருவி அமைக்க நேரமில்லாத சிறு குழுக்களுக்கு இது பெரிய கொடை. ஆனால் புதிய பயன்பாடு ஒன்றைத் தொடங்கினால் கிடைத்த அப்ளிகேஷன் கோப்பின் கடைசி வரி, இந்த அடைவுக்குள் இருக்கும் அனைத்தையும் சேர் என்று சொன்னது. பதிவுகளுக்கான கன்ட்ரோலர் ஒன்றை உருவாக்கினால் அதே பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பும் தானாக உருவாகும். அந்த கன்ட்ரோலருக்கு உரிய செயல்களை இங்கே எழுதுங்கள், அவை தானாகவே அப்ளிகேஷன் கோப்பில் சேர்ந்துவிடும் என்று அதன் தலையில் ஒரு குறிப்பும் இருக்கும். கோப்பின் பெயர் பக்கத்தின் பெயர். ஆனால் அது போய்ச் சேர்வது எல்லாப் பக்கங்களுக்கும். அட்டவணைக்கு வேண்டிய தகவலைக் கோப்புப் பெயராகக் கையில் வைத்திருந்தும் கடைசி அடியில் அதைக் கலைத்துவிட்டது அந்த ஒரு வரி. ரெயில்ஸ் வழிகாட்டியில் மாற்று வழி இல்லாமலில்லை. கன்ட்ரோலரின் பெயரைக் கொண்டே ஸ்கிரிப்டை ஏற்றலாம், ஆனால் அப்போது அனைத்தையும் சேர்க்கும் வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நிரல் இருமுறை வரும் என்று அது எச்சரித்தது. இயல்பாகக் கிடைப்பது ஒன்று, எச்சரிக்கையோடு கிடைப்பது இன்னொன்று என்றால் பெரும்பாலானோர் எதை எடுப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

விளைவு பதிவிறக்கத்தின் அளவோடு நிற்கவில்லை. எல்லாப் பக்கத்தின் நிரலும் எல்லாப் பக்கத்திலும் ஓடும்போது, தான் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதை அந்த நிரலே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பக்க உடலின் கிளாஸ், ஐடி ஆகியவற்றைப் படித்து அதற்கேற்ற செயல்களை மட்டும் ஓட்டும் முறையை பால் ஐரிஷ் 2009இலேயே எழுதியிருந்தார். ரெயில்ஸ் நிரலர்கள் பலர் அந்த உடல் டேக்கில் கன்ட்ரோலர் பெயரையும் ஆக்ஷன் பெயரையும் எழுதி அந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். சர்வருக்குத் தெரிந்திருந்த செய்தி தொகுக்கும்போது தொலைந்து, பிரவுசரில் மறுபடி தேடி எடுக்கப்பட்டது. பேஸ்கேம்ப் 2018இல் வெளியிட்ட ஸ்டிமுலஸ் இந்த முறையைச் செம்மையாக்கியது: இந்த உறுப்புக்கு இந்த நிரல் என்பதை ஹெச்டிஎம்எல் தானே சொல்லும். நல்ல வடிவமைப்புதான். ஆனாலும் தேவையில்லாத நிரல் பக்கத்துக்கு வந்து இறங்கிய பின்னர், அதை ஓடாமல் நிறுத்துவதற்கே இது உதவியது.

அதே ஆண்டுகளில் பிற சட்டகங்கள் என்ன செய்தன என்பதையும் சுருக்கமாகச் சேர்க்க வேண்டும். ஜாங்கோவில் ஒவ்வொரு படிவ உறுப்பும் தனக்கு வேண்டிய ஸ்டைலையும் ஸ்கிரிப்டையும் தானே அறிவிக்கும். படிவம் அவற்றைக் கூட்டிக் கொடுக்கும். 2012இல் வந்த ஏஎஸ்பி டாட்நெட் 4.5 தொகுப்புகளுக்குப் பெயர் வைத்துத் தனிக் கோப்பில் எழுதச் சொன்னது: ஜேகுவெரி ஒன்று, படிவச் சரிபார்ப்பு இன்னொன்று, சரிபார்ப்புத் தொகுப்பைப் படிவம் உள்ள பக்கம் மட்டும் கேட்டு வாங்கும். ஹென்டர்சனின் அட்டவணைக்கு மிக அருகில் வந்தது இதுதான். வேர்ட்பிரஸ் 2007 முதலே, ஸ்கிரிப்டைப் பெயரும் சார்பும் சொல்லி வரிசையில் சேர்க்கும் முறையை வைத்திருந்தது. ஆனால் ஒரு செருகுநிரலை எழுதியவருக்கு, தன் படிவத்தைத் தளத்தின் சொந்தக்காரர் எந்தப் பக்கத்தில் வைப்பார் என்று தெரியாது. தெரியாததால் எல்லாப் பக்கத்திலும் ஏற்றுவதே பாதுகாப்பு என்று ஆயிற்று. பக்கத்தை பிளாக் எனும் துண்டுகளாகக் கட்டும் முறை வந்தபின், 2021இலும் 2022 தொடக்கத்திலும் வந்த பதிப்புகளில், பக்கத்தில் எந்த பிளாக் இருக்கிறதோ அதற்குரிய ஸ்டைலும் ஸ்கிரிப்டும் மட்டும் ஏறும் வசதி வந்தது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது சர்வருக்குப் படிக்கத் தெரிந்த வடிவத்துக்கு மாறிய பிறகே அது சாத்தியமாயிற்று.

மறுபுறத்தில், கோப்புகளுக்கு இடையிலான சார்பை நிரலிலேயே எழுதும் இயக்கம் 2009இல் தொடங்கியது. கெவின் டாங்கூர் தொடங்கிய காமன்ஜேஎஸ், ரயன் டால் வெளியிட்ட நோட், 2010இல் ஐசக் ஷ்லூட்டரின் என்பிஎம் என அடுத்தடுத்து வந்தன. ஜேம்ஸ் பர்க்கின் ரிக்கொயர்ஜேஎஸ் இதைப் பிரவுசருக்குக் கொண்டுவந்தது. பல பக்கத் தளத்துக்கென்றே அவர் ஓர் எடுத்துக்காட்டுத் திட்டத்தை வெளியிட்டார், பொதுவானவை ஒரு தொகுப்பு, பக்கத்துக்கு உரியவை தனித்தனித் தொகுப்பு என்று. ஜேம்ஸ் ஹாலிடேயின் பிரவுசரிஃபை, நோட் மாட்யூல்களைப் பிரவுசருக்கு ஒரே கோப்பாகக் கட்டித் தந்தது. இவற்றோடு ஜாவா உலகிலிருந்து ஒரு யோசனை வந்து சேர்ந்தது. கூகுள் வெப் டூல்கிட் 2009 டிசம்பரில் வந்த தன் 2.0 பதிப்பில், நிரலைத் துண்டாக்கி வேண்டும்போது மட்டும் இறக்கும் வசதியைக் கொடுத்திருந்தது. அதை ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்று ஜெர்மனியின் டோபியாஸ் கோப்பர்ஸ் 2012இல் தொடங்கியதுதான் வெப்பேக். இன்ஸ்டாகிராமில் அதைப் பயன்படுத்திய பீட் ஹண்ட் 2014இல் எழுதிய அறிமுகக் குறிப்பில், ப்ரொஃபைல் பக்கத்தை மட்டும் பார்க்க வந்தவர் ஃபீட் பக்கத்தின் நிரலை ஏன் இறக்க வேண்டும் என்ற கேள்வியை வைத்துத்தான் நுழைவுக் கோப்பு என்பதை விளக்கினார். ஒரு பக்கத்துக்கு ஒரு நுழைவுக் கோப்பு. அங்கிருந்து சார்புகளைப் பின்தொடர்ந்து கருவியே மீதியைக் கணக்கிடும். அட்டவணையின் பெரும்பகுதி கையிலிருந்து இயந்திரத்துக்குப் போனது அப்போதுதான். வெப்பேக் வென்றதற்குக் காரணம் இதுவே என்பது என் கணிப்பு. முழுத் தளமும் ஒரே பக்கத்துக்குள் ஓடும் தனிப் பக்கப் பயன்பாடுகளின் கருவி என்று பெயர் வாங்கியபோதும், பக்கங்களைப் பற்றிய கேள்விக்கு அதனிடம் பதில் இருந்தது.

பொதுவானவை என்று எதைச் சொல்வது என்பது மட்டும் நீண்ட நாள் தீராமல் இருந்தது. இரண்டு பக்கம் பயன்படுத்தும் லைப்ரரியை இரண்டு தொகுப்பிலும் வைத்தால் இருமுறை இறங்கும். பொதுத் தொகுப்பில் வைத்தால் மற்றப் பக்கங்களும் சுமக்கும். பழைய வெப்பேக்கில் இத்தனை பக்கங்களுக்கு மேல் பயன்பட்டால் பொது என்று ஓர் எண்ணை நிரலரே கொடுக்க வேண்டும். வெப்பேக்கை உள்ளே வைத்திருந்த நெக்ஸ்ட்ஜேஎஸ் சட்டகம் பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் என்று வைத்துக்கொண்டது. எந்த எண்ணை வைத்தாலும் எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கோ அந்தப் பக்கம் நிற்பவருக்கோ நட்டம். 2018இல் வந்த வெப்பேக் 4 இந்தக் கேள்வியையே மாற்றியது: எந்தெந்தப் பக்கங்கள் சேர்ந்து பயன்படுத்துகின்றனவோ அந்தச் சேர்க்கைக்கு ஒரு துண்டு, அது 30 கிலோபைட்டுக்கு மேல் இருந்தால் மட்டும், பக்கம் திறக்கும்போது மூன்று இணைக் கோரிக்கைகளுக்கு மேல் போகாமல். 2020இல் நெக்ஸ்ட்ஜேஎஸ் 9.2 அந்தக் கோரிக்கை வரம்பை 25ஆக உயர்த்திப் பாதிக் கணக்கைக் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்பேக் 5 வரம்பை 30ஆக்கி, அளவை 20 கிலோபைட்டாகக் குறைத்தது. மூன்று முப்பதானதற்கு இடையே நடந்தது ஹெச்டிடிபி 2இன் பரவல். பிணையம் இடம் கொடுத்ததும் கருவிகள் அதை ஒட்டுவதை விடுவதற்குப் பயன்படுத்தவில்லை, அட்டவணையை இன்னும் நுணுக்கமாக்கப் பயன்படுத்தின என்பது கவனிக்கத்தக்கது.

இத்தனை துண்டுகளின் பெயர்களும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மாறும் என்றால் டெம்ப்ளேட்டுக்கு அவை எப்படித் தெரியும்? மேனிஃபெஸ்ட் என்று அழைக்கப்படும் சிறு கோப்பு இங்கேதான் வருகிறது. கருவி தன் வேலை முடிந்ததும் இந்த நுழைவுக்கு இந்தத் துண்டுகள், இந்த ஸ்டைல் கோப்புகள் என்று எழுதிவைக்கும். சர்வர் அதைப் படித்து டேக்குகளை எழுதும். சிம்ஃபோனியின் வெப்பேக் என்கோர், ரெயில்ஸில் முன்பிருந்த வெப்பேக்கர், இன்று லாரவேலில் இயல்பாக வரும் வீட் எல்லாம் இதே ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன. வெப்பேக்கரின் ஆவணத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை இருந்தது: ஒரு பக்கத்துக்கு வேண்டிய நுழைவுகள் எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் சொல்லுங்கள், பிரித்துச் சொன்னால் துண்டுகள் இரட்டிக்கும். பக்கத்தின் முழுத் தேவையும் ஓரிடத்தில் தெரிந்தால்தான் கணக்குச் சரியாக வரும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஹென்டர்சன் கையால் எழுதிய அமைப்புக் கோப்பை இயந்திரம் எழுதுகிறது, அவ்வளவே மாற்றம்; ஆனால் கையால் எழுதியது பழசாகிப் போகும், இது ஆகாது.

இதெல்லாம் ஹெச்டிடிபி 1.1இன் குறைக்கான தற்காலிக மருந்து, நோய் தீர்ந்தபின் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2015 மே மாதம் ஹெச்டிடிபி 2 வரையறை வெளியானபோது தொகுப்பதன் காலம் முடிந்தது என்று பரவலாக எழுதப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரிலேயே கான் அகாடமியின் பொறியாளர்கள் தங்கள் தளத்தில் கோப்புகளைத் தனித்தனியாக அனுப்பிப் பார்த்து, அது மெதுவானதைப் பதிவுசெய்தார்கள். பெரிய கோப்பு சுருங்கும் அளவுக்குச் சிறு கோப்புகள் சுருங்குவதில்லை. கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் இன்னும் சிறு செலவு இருக்கிறது. பிரவுசர்கள் மாட்யூல்களை நேரடியாகப் புரிந்துகொள்ளத் தொடங்கிய பிறகு, 2018இல் கூகுளின் வி8 குழுவும் ஏறத்தாழ இதையே சொன்னது: மாட்யூல்கள் நூறுக்குக் குறைவாகவும் சார்புச் சங்கிலி ஐந்து படிகளுக்குக் குறைவாகவும் இருந்தால் தொகுக்காமல் விடலாம். அந்த ஐந்து படிதான் விஷயத்தின் நடுவே இருக்கிறது. முதல் கோப்பைப் படித்தால்தான் அடுத்தது வேண்டும் என்று பிரவுசருக்குத் தெரியும். தெரிந்தபின் கேட்டு வாங்க ஒரு போக்குவரத்து நேரம் ஆகும். எத்தனை வேகமான நெறிமுறையாலும் தெரியாததைக் கேட்க முடியாது. சர்வரே முன்கூட்டித் தள்ளிவிடும் புஷ் வசதியை ஹெச்டிடிபி 2 தந்திருந்தது. பிரவுசரின் கேஷில் என்ன இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாததால் அதுவும் சரியாக அமையாமல், 2022இல் குரோம் 106 அதை எடுத்துவிட்டது. பிணையத்தால் வந்த நெருக்கடி தணிந்தது உண்மை. யாருக்கு எது தெரியும் என்ற கேள்வி தணியவில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. ஒரே தொகுப்பு என்றால் முதல் பக்கம் மட்டும் கனம், அடுத்த பக்கங்களுக்கு எல்லாம் கேஷிலிருந்து வரும், பல பக்கத் தளத்துக்கு இதைவிட நல்லது எது என்பது. ரெயில்ஸ் செய்த தேர்வுக்குப் பின்னிருந்த நியாயமும் இதுவே, அதை எளிதில் தள்ள முடியாது. உள்ளே நுழைந்து நாள் முழுக்க வேலை செய்யும் அலுவலகப் பயன்பாட்டில் அது சரியாகவே இருக்கும். ஆனால் யாஹூவில் டென்னி தியூரர் 2007இல் வெளியிட்ட அளவீட்டின்படி, பயனர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் காலி கேஷோடு வரும் அனுபவத்தைச் சந்தித்தார்கள். மொத்தப் பக்கப் பார்வைகளில் சுமார் 20 சதவீதம் காலி கேஷோடு நடந்தவை. இந்த எண்கள் இரு தரப்புக்கும் உதவும். ஐந்தில் நான்கு பார்வைகளுக்குக் கேஷ் கைகொடுத்தது. பாதிப் பேருக்கு முதல் கனம் தப்பவில்லை. தராசை என் பக்கம் சாய்ப்பது வெளியீடுகளின் வேகம். ஃப்ளிக்கரில் நாளுக்குப் பத்து முறைக்கு மேல் வெளியிடுகிறோம் என்று ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் 2009 ஜூனில் அறிவித்தபோது அது வியப்பாக இருந்தது. இன்று பல குழுக்களுக்கு அது வழக்கம். நிர்வாகப் பக்கத்தில் ஒரு வரி திருத்தினால் ஒரே தொகுப்பின் கைரேகை மாறி, அந்தப் பக்கத்தை ஒருநாளும் பார்க்காத வாசகர்களின் கேஷும் வீணாகிறது. அதோடு, கேஷிலிருந்து வந்தாலும் நிரலைப் படித்து ஓட்டும் வேலை ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக நடக்க வேண்டும். விலை குறைந்த கைப்பேசியில் அந்த வேலை சிறிதல்ல.

தனிப் பக்கப் பயன்பாடுகள் வந்தபின் பக்கம் என்ற அலகே பழசாகிவிட்டது என்பாரும் உண்டு. அவர்கள் காட்டும் பயன்பாடுகளையே திறந்து பார்த்தால், அங்கே நிரல் ரூட் வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பயனர் ஒரே நேரத்தில் பார்க்கும் திரை, அதற்கு ஒரு முகவரி, அதற்கு வேண்டிய நிரல். பக்கத்துக்கு வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. டைனமிக் இம்போர்ட் இருக்கிறதே, நிரல் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டுக்கொள்ளுமே என்றால், அது முதல் நிரல் வந்து ஓடிய பின்தான் கேட்கும். அந்தத் தாமதத்தைப் போக்க எந்த முகவரிக்கு எந்தத் துண்டு என்பதைச் சர்வர் முன்பே அறிந்து பக்கத்தில் எழுத வேண்டும். மறுபடியும் மேனிஃபெஸ்ட்.

ரெயில்ஸ் 2021 டிசம்பரில் எடுத்த திருப்பத்தை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். ஏழாம் பதிப்பு வெப்பேக்கரை விட்டுவிட்டு, இம்போர்ட் மேப் என்ற பிரவுசர் வசதியை இயல்பான வழியாக்கியது. தொகுப்பு இல்லை, மாட்யூல்கள் தனித்தனியாகவே போகும், பெயருக்கும் கோப்புக்குமான பொருத்தம் மட்டும் பக்கத்தில் எழுதப்படும். கட்டும் கருவிகளின் பாரத்தால் களைத்துப்போன சிறு குழுக்களுக்கு இது விடுதலை என்பதில் எனக்கு ஐயமில்லை. தொகுப்பு தேவைப்படாத அளவில் இருக்கும் தளங்கள் ஏராளம். ஆனால் சங்கிலியைப் பின்தொடரும் தாமதத்தைத் தவிர்க்க, மேப்பில் பதிவான மாட்யூல்களை முன்கூட்டியே இறக்கச் சொல்லும் குறிப்புகளை அது பக்கத்தில் எழுதுகிறது. இன்றைய பதிப்பில் இயல்பாகவே, பதிவானவை எல்லாவற்றுக்கும். ஒரு மாட்யூல் எல்லாப் பக்கத்திலும் இறங்க வேண்டாம் என்றால், அந்த வரியின் பக்கத்தில் அது எந்தெந்த நுழைவுகளுக்கு உரியது என்று நிரலர் கையால் எழுத வேண்டும். நிரலின் சார்புகளைப் படித்து அந்தப் பெயர்களை நிரப்பும் கருவி இந்த ஏற்பாட்டில் இல்லை. எழுதாதவர்களுக்குக் கிடைப்பது 2011இல் அனைத்தையும் சேர்த்த அந்த ஒரு வரி கொடுத்ததே. அப்போது ஒரே கோப்பாக வந்தது இப்போது பல கோப்புகளாக வருகிறது.